ஒரே தடிப்புக் கோடு: யாழ்ப்பாணத் தீவகத்தில் தமிழ் எழுத்தின் உருவம்

கோடுகளின் நுனியில் பாதமோ கொக்கியோ இல்லாமல், எல்லாப் பக்கமும் ஏறக்குறைய ஒரே தடிப்பில் ஓடும் எழுத்தை அச்சுத் தொழிலில் சான்ஸ் செரிப் என்பர். ரோமன் எழுத்துக்கு இந்த வரையறை எளிதாகப் பொருந்தும். அதற்குக் கழற்றிவிட ஒரு பாதம் இருக்கிறது. தமிழ் எழுத்துக்குப் பாதம் என்று ஒன்று பிறவியிலேயே இல்லை. ஆகவே தமிழில் சான்ஸ் செரிப் என்றால் பெரும்பாலும் கோட்டின் தடிப்பைப் பற்றிய பேச்சுத்தான். தடித்தும் மெலிந்தும் செல்லும் புத்தக எழுத்து ஒரு வகை. சீரான கோட்டில் செல்லும் பலகை எழுத்தும் திரை எழுத்தும் இன்னொரு வகை. இரண்டாம் வகையைக் கணினி தந்த புதுமை என்றே பலரும் எண்ணுகின்றனர். யாழ்ப்பாணத் தீவகத்தின் எழுத்து வரலாறு அப்படிச் சொல்லவில்லை. அங்கே கல்லிலும் ஓலையிலும் முதலில் இருந்தது சீரான கோடு. தடிப்பும் மெலிவும் கப்பலேறி வந்த அச்சுக்கூடத்தோடு இடையில் நுழைந்தவை.

யாழ்ப்பாண நகரிலிருந்து பண்ணைப் பாலத்தைக் கடந்தால் மண்டைதீவு, அல்லைப்பிட்டி, வேலணை, ஊர்காவற்றுறை. அங்கிருந்து இன்னொரு தாம்போதி வழியே புங்குடுதீவு. அதன் முனையிலுள்ள குறிகட்டுவான் இறங்குதுறையிலிருந்து படகில் நயினாதீவும் நெடுந்தீவும். இவற்றுள் நயினாதீவு நாகபூஷணி அம்மன் கோயிலில் இருக்கும் ஒரு கல்லில்தான் தீவகத்தின் மிக முக்கியமான பழைய எழுத்துச் சான்று உள்ளது. பொலன்னறுவையிலிருந்து 1153 முதல் 1186 வரை ஆண்ட முதலாம் பராக்கிரமபாகுவின் தமிழ்க் கல்வெட்டு அது. வரலாற்றாசிரியர் கா. இந்திரபாலா 1963-இல் அதைப் பதிப்பித்தார். இன்று ஊர்காவற்றுறை எனப்படும் துறைமுகம் அதில் ஊராத்துறை என்று வருகிறது. பிறநாட்டு வணிகர் அத்துறையிலேயே வந்து இறங்க வேண்டும், அவர்களுக்குப் பாதுகாப்பு உண்டு என்று கல்வெட்டு சொல்கிறது. யானையும் குதிரையும் ஏற்றிவரும் கப்பல் உடைந்தால் காற்பங்கு அரசுக்கு, முக்காற்பங்கு உடையவனுக்கு. மற்றைய சரக்கு ஏற்றிய கப்பல் உடைந்தால் பாதிக்குப் பாதி. சிங்கள நாட்டு அரசன் ஒருவன் தன் துறைமுகச் சட்டத்தைத் தமிழில் வெட்டுவித்தான் என்பதற்காகவே இக்கல்வெட்டு அதிகம் பேசப்படுகிறது. எழுத்துருவை ஆராய்பவருக்கு இதில் வேறொரு செய்தி இருக்கிறது. துறைமுகச் சட்டம் என்பது பலரும் பார்க்க நிறுத்தப்படும் அறிவித்தல். இன்றைய வீதிப் பலகைக்கும் இறங்குதுறைப் பலகைக்கும் உள்ள வேலைதான் அந்தக் கல்லுக்கும் இருந்தது.

சிற்பியின் உளி கல்லில் போகும்போது பேனாவைப் போலத் திரும்புமிடத்தில் தடித்து, ஏறுமிடத்தில் மெலிவதில்லை. வெட்டின் அகலம் ஏறத்தாழ ஒன்றாகவே இருக்கும். சோழர் காலத் தமிழ்க் கல்வெட்டுகளையும் அவற்றை அடியொற்றிய இலங்கைத் தமிழ்க் கல்வெட்டுகளையும் மைப்படியில் பார்த்தால் இது கண்ணுக்குத் தெரியும்: குழிந்த வெள்ளைக் கோடுகள், நுனியில் எந்த அலங்காரமும் இல்லாமல், வந்த அகலத்திலேயே முடிந்துவிடும். பிற்காலத்து யாழ்ப்பாண ஆரியச்சக்கரவர்த்திகளின் காசுகளில் படுத்திருக்கும் நந்திக்குக் கீழே பொறித்த ‘சேது’ என்ற இரண்டெழுத்தும் இதே இனம். விரல் நகத்தளவு இடத்தில் வாசிக்கப்பட வேண்டிய எழுத்து. மெல்லிய கோட்டுக்கு அங்கே இடமில்லை.

கல் அரசர்க்கும் கோயிலுக்கும் உரியது. மக்களின் எழுத்து ஓலையில் இருந்தது. நெடுந்தீவிலும் புங்குடுதீவிலும் பனைக்குக் குறைவில்லை. குருத்தோலையை வெட்டி, அவித்து, நிழலில் காயவிட்டு, ஓரம் நறுக்கி ஏடாக்குவர். எழுத்தாணியால் கீறிய பிறகு கரியையும் இலைச்சாற்றையும் பூசித் துடைத்தால் கீறலில் மட்டும் கறுப்பு நிற்கும். எழுத்தாணியின் கூர்முனை எந்தத் திசையில் போனாலும் ஒரே அகலத்தில்தான் கீறும். நாணற் பேனாவுக்கோ தூரிகைக்கோ உள்ள தட்டையான வாய் அதற்கு இல்லை. தேவநாகரியும் அரபும் பேனாவின் வாயிலிருந்து தடிப்பையும் மெலிவையும் பெற்றன, தமிழ் பெறவில்லை. தென்னிந்திய எழுத்துகள் வட்டமானதற்கு ஓலை கிழியும் என்ற பயமே காரணம் என்று பாடப்புத்தகங்கள் சொல்லும் விளக்கத்தைத் தமிழைப் பொறுத்தவரை பாதியாகத்தான் ஏற்க முடியும். ட, ப, ம ஆகியவற்றின் அடியில் நீண்ட கிடைக்கோடு இன்றும் அப்படியே இருக்கிறது. ஆனால் கோட்டின் சீரான தடிப்புக்கு எழுத்தாணி காரணம் என்பதில் ஐயத்துக்கு இடம் குறைவு.

ஓலை எழுத்துக்கு ஒரு பெரிய குறை இருந்தது. யாழ்ப்பாணத்தார் குற்று என்று சொல்லும் புள்ளியை ஓலையில் பெரும்பாலும் இடுவதில்லை. குத்தினால் ஏடு துளைபடும். குறில் எகரத்துக்கும் நெடில் ஏகாரத்துக்கும் வேறுபாடு இல்லை. ஆகாரக் குறியான அரவும் ரகரமும் ஒரே உருவம். இடைவெளியோ நிறுத்தற்குறியோ கிடையாது. செய்யுளை மனத்தில் வைத்திருப்பவருக்கு ஏடு நினைவூட்டியாக உதவியது. அறியாத உரைநடையை முதன்முறை வாசிப்பவருக்கு அது பாறையில் நடப்பது போலத்தான். சீரான கோடு மட்டும் இருந்தால் எழுத்து வாசிக்க எளிதாகிவிடும் என்று இன்று சொல்வோர் இதைக் கவனிக்க வேண்டும். ஓலையில் கோடு சீராகத்தான் இருந்தது.

ஏட்டிலிருந்து ஈயத்துக்கு மாறிய கதையை உலகுக்கு எடுத்துச் சொன்னவர்களுள் முதன்மையானவர் தீவகத்துப் பிள்ளை. ஊர்காவற்றுறையை அடுத்த கரம்பொனில் 1913 ஆகஸ்ட் 2-ஆம் நாள் பிறந்த சேவியர் தனிநாயகம் அடிகள், 1950களில் ஐரோப்பிய நூலகங்களில் தமிழின் முதல் அச்சுநூல்களைத் தேடிச் சென்றார். ரோமன் எழுத்தில் தமிழை அச்சிட்டு 1554-இல் லிஸ்பனில் வெளிவந்த சிறு மறைநூலை அந்நகரின் பெலெம் அருங்காட்சியகத்தில் கண்டார். தாம் 1952-இல் தொடங்கிய ‘தமிழ் கல்ச்சர்’ ஆங்கில இதழில் இந்நூல்களைப் பற்றி எழுதினார். அம்பலக்காட்டில் 1679-இல் அச்சான புரோயென்சா பாதிரியாரின் தமிழ்–போர்த்துக்கீச அகராதியை 1966-இல் கோலாலம்பூரில் மறுபதிப்பாகக் கொண்டுவந்தார். தமிழ் அச்சின் தொடக்கத்தை 18-ஆம் நூற்றாண்டிலிருந்து 16-ஆம் நூற்றாண்டுக்குப் பின்தள்ளிப் பொதுவாசகர் அறியச் செய்ததில் அவருக்குப் பெரும்பங்கு உண்டு.

அந்த முதல் நூல்களின் எழுத்து எப்படி இருந்தது? ஹென்றிக்கே ஹென்றிக்கஸ் பாதிரியார் 1578-இல் கொல்லத்தில் அச்சிட்ட ‘தம்பிரான் வணக்கம்’ 16 பக்கமே கொண்டது. அதற்கான எழுத்துகளில் ஒரு பகுதி கோவாவில் 1577-இலும், மறுபகுதி கொல்லத்தில் 1578-இலும் வார்க்கப்பட்டவை. கோடுகள் சற்றே நடுங்கினாலும் உருவம் ஓலையின் உருவமே. வார்த்தவர்கள் தங்கள் கண்முன் இருந்த ஏட்டைப் பார்த்துத்தான் அச்சுக்கட்டை வெட்டினர். தரங்கம்பாடிக்காக ஜெர்மனியின் ஹாலே நகரில் வார்த்த எழுத்தும் ஓலையெழுத்தின் சாயலில்தான் இருந்தது. ஆனால் அது பெரிதாகிக் காகிதத்தைத் தின்றதால், பொறையாற்றில் சிறிய எழுத்து வார்க்க வேண்டியதாயிற்று.

ஒல்லாந்தர் தீவகத்துக்குத் தங்கள் நாட்டு நகரப் பெயர்களைச் சூட்டினர். நெடுந்தீவு டெல்ப்ட் ஆயிற்று, ஊர்காவற்றுறைத் தீவு லெய்டன், நயினாதீவு ஹார்லெம், புங்குடுதீவு மிடில்பர்க், அனலைதீவு ரொட்டர்டாம், காரைதீவு ஆம்ஸ்டர்டாம். டெல்ப்ட் தவிர ஏனையவை வரைபடத்தோடு நின்றுவிட்டன. கொழும்பில் அவர்கள் நிறுவிய அச்சகம் 1737-இல் முதல் சிங்கள நூலை வெளியிட்டது. எழுத்துகளைக் கம்பனியின் ஆயுதக்கூடத் தலைவர் காப்ரியேல் ஷாடே அங்கேயே வார்த்தார். தமிழ் நூல்களும் அங்கிருந்து வந்தன. 1759-இல் தமிழ்ப் புதிய ஏற்பாடு வெளியாயிற்று. துப்பாக்கி வார்ப்பவரின் பட்டறையில் எழுத்தும் பிறந்தது வியப்பில்லை. உலோகத்தை உருக்கி அச்சில் ஊற்றப் பழகிய கை அங்கே இருந்தது.

யாழ்ப்பாணத்துக்கு அச்சியந்திரம் வந்த வழி கோணலானது. அமெரிக்க மிஷன் 1816-இல் குடாநாட்டில் கால்வைத்தது. அச்சாளர் ஜேம்ஸ் கரெட் 1820-இல் வந்தபோது, ஆளுநர் பொறுப்பிலிருந்த எட்வர்ட் பார்ன்ஸ் அவரை நாட்டில் தங்க விடவில்லை. யந்திரம் நல்லூரிலிருந்த ஆங்கிலத் திருச்சபை மிஷனிடம் போயிற்று. 1834-இல்தான் அது மானிப்பாயில் அமெரிக்க மிஷனின் கைக்குத் திரும்பியது; ஈஸ்ட்மன் மைனர் அச்சாளராக அமர்ந்தார். 1841 ஜனவரி 7-ஆம் நாள் ‘உதயதாரகை’ வெளிவரத் தொடங்கியது. 1842-இல் ஏறக்குறைய 58,500 சொற்களைக் கொண்ட மானிப்பாய் அகராதி வந்தது. ‘உதயதாரகை’ தமிழும் ஆங்கிலமும் கலந்த இதழ். ஒரே பக்கத்தில் இரண்டு எழுத்தும் அருகருகே நின்றன. ஒன்றின் கறுப்பு மற்றதன் கறுப்போடு ஒத்துப்போக வேண்டியிருந்தது.

தடிப்பும் மெலிவும் நுழைந்த வாசல் இதுவே எனலாம். 19-ஆம் நூற்றாண்டின் ஆங்கிலப் புத்தக எழுத்து, தடித்த நெடுங்கோட்டுக்கும் மயிரிழைக்கும் உள்ள வேறுபாட்டையே அழகாகக் கொண்டிருந்தது. அதே கண்ணோடு தமிழ் எழுத்தை வெட்டியவர்கள் வளைவின் ஒரு பக்கத்தைத் தடிப்பாக்கினர், மறுபக்கத்தை மெலிவித்தனர், சுழிகளை இறுக்கினர். சென்னை அமெரிக்க மிஷன் அச்சகத்தில் பினியஸ் ஹண்ட் சிறிய அளவிலும் தெளிவாக வாசிக்கக்கூடிய எழுத்துகளை வார்ப்பித்தார். வின்ஸ்லோவின் தமிழ்–ஆங்கில அகராதி 1862-இல் அங்கிருந்து வந்தது. இதைத் தமிழுக்கு நேர்ந்த கேடு என்று சொல்வது பொருந்தாது. மெல்லிய கோடு இடத்தை மிச்சப்படுத்தியது. நல்ல காகிதத்தில் அது கண்ணை உறுத்தாமல் ஓடவும் செய்தது. இன்றுவரை தமிழ் நாவலை விரிக்கும் வாசகர் எதிர்பார்க்கும் முகம் அந்த நூற்றாண்டின் முகந்தான்.

வாசிப்பை எளிதாக்கிய பெரிய மாற்றங்கள் கோட்டைப் பற்றியவை அல்ல. ஆறுமுக நாவலர் 1849-இல் சென்னை சென்று அச்சியந்திரம் வாங்கிவந்து வண்ணார்பண்ணையில் வித்தியாநுபாலன யந்திரசாலையை நிறுவினார். அவருடைய பாலபாடங்களிலும் உரைநடை நூல்களிலும் புள்ளி தவறாமல் விழுந்தது. சொற்களுக்கிடையே வெளி இருந்தது. காற்புள்ளியும் முற்றுப்புள்ளியும் வாக்கியத்தைப் பிரித்துக்காட்டின. வீரமாமுனிவர் (1680–1747) கொம்பைச் சுழித்து நெடில் ஏகாரத்தையும் ஓகாரத்தையும் பிரித்துக்காட்டியது அதற்கு முன்பே நிலைபெற்றிருந்தது. கத்தோலிக்கர் நிறைந்த ஊர்காவற்றுறைக்கும் கரம்பொனுக்கும் 1876 முதல் ‘சத்தியவேத பாதுகாவலன்’ யாழ்ப்பாணத்திலிருந்து சென்றது. ஏடு தெரிந்த கண் அச்சைப் பழகிக்கொள்ள ஒரு தலைமுறை போதுமானதாயிற்று. ஆனால் கையின் வழக்கம் அத்தனை விரைவில் மாறவில்லை. விஜயதசமியன்று ஏடு தொடக்கும் பிள்ளையின் விரல் தாம்பாளத்து அரிசியில் எழுதும் ‘அ’ ஒரே தடிப்பில்தான் விழும். பள்ளியில் மணலில் எழுதிய எழுத்தும் பின்பு சிலேற்றில் எழுதியதும் அப்படியே. கை எழுதியது ஓர் உருவம், கண் புத்தகத்தில் கண்டது இன்னோர் உருவம்.

ஐரோப்பாவில் சான்ஸ் செரிப் தனி எழுத்தாகத் தலைகாட்டியது 1816-இல், லண்டன் காஸ்லன் வார்ப்புச்சாலையின் மாதிரிப் புத்தகத்தில். தொடக்கத்தில் அது தலைப்புக்கும் விளம்பரத்துக்கும் மட்டும் உரிய முரட்டு எழுத்து. அதை இதமாக்கியவர் எட்வர்ட் ஜான்ஸ்டன். லண்டன் நிலக்கீழ் ரயிலுக்காக அவர் வரைந்து 1916-இல் பயனுக்கு வந்த எழுத்தின் தலைப்பெழுத்துகள், பழைய ரோமானியக் கல்வெட்டின் அளவுகளைப் பின்பற்றின. ‘ஐ’ என்னும் ஆங்கிலச் சிற்றெழுத்தின் மேல் வைரம்போல் சாய்ந்த புள்ளி. அவசரமாக நடப்பவரும் தூரத்திலிருந்து வாசிக்கலாம், வாசிக்கும்போது அதட்டுவது போலவும் இராது. 1928-இல் கில் சான்ஸ் இதன் வழிவந்தது. 1957-இல் ஹெல்வெட்டிகாவும் 1976-இல் புருட்டிகரும் வந்தபின் விமான நிலையம் முதல் மருந்துப் புட்டி வரை இந்த இனமே ஆட்சி செய்கிறது.

தமிழில் இதற்கு நிகரான வேலையை வார்ப்புச்சாலை செய்யவில்லை. பலகை எழுதுபவரும் தட்டெழுத்துப் பொறியும் செய்தனர். கடைப்பலகையிலும் பஸ்ஸின் நெற்றியிலும் படகின் அணியத்திலும் எனாமல் பூச்சில் எழுதுபவருக்கு மயிரிழைக் கோடு உதவாது. உப்புக்காற்றில் அதுதான் முதலில் உரியும். நெடுந்தீவுக்குச் செல்லும் குமுதினி, வடதாரகை, நெடுந்தாரகை போன்ற படகுகளின் பெயரை இறங்குதுறையில் நிற்பவர் தூரத்திலேயே வாசித்தாக வேண்டும். எனவே சுண்ணாம்பு நூல் அடித்து மேலும் கீழும் கோடிட்டு, அந்த இரு கோட்டுக்குள் எழுத்தைச் சதுரமாக நிரப்பி, எல்லாப் பக்கமும் ஒரே தடிப்பில் முடிப்பது பலகை எழுதுபவரின் வழக்கம். கொம்பும் அரவும் உடம்பெழுத்தளவு தடிக்கும். புள்ளி சற்றுப் பெரிதாகவே விழும். அச்சுக்கூடம் கைவிட்ட சீரான கோடு இவ்வாறு வீதியில் பிழைத்திருந்தது.

தட்டெழுத்துப் பொறியைத் தமிழுக்குத் தந்தவரும் யாழ்ப்பாணத்தவர். சுண்டிக்குளியில் 1886-இல் பிறந்து மலாயாவுக்கும் சிங்கப்பூருக்கும் போன இரா. முத்தையா, 247 எழுத்தை ஒரு விசைப்பலகைக்குள் அடக்கும் வழியைக் கண்டார். ஜெர்மனியின் ஸைடல்–நௌமன் நிறுவனம் ‘பிஜோ’ என்ற பொறியை உருவாக்கியது. தட்டெழுத்துக்கு மெல்லிய கோடு ஆகாது. நாடாவை ஓங்கி அடிக்கும் உலோகம் தாளைக் கிழித்துவிடும், காபன் படியில் எழுத்து பதியாது. ஆகவே பொறியின் எழுத்து சீரான கோட்டில் வந்தது. விலையாகக் கொடுத்தது இடைவெளியை: ஒவ்வோர் எழுத்துக்கும் வண்டி ஒரே அளவு நகர்வதால், அகன்ற ஞகரமும் ணகரமும் நெருக்கப்பட்டன, ஒடுங்கிய ரகரமும் அரவும் தனித்து நின்றன. கச்சேரிக் கடிதமும் நீதிமன்றப் பத்திரமும் பல பத்தாண்டுகள் இந்த முகத்தோடுதான் தீவகத்துக்குச் சென்றன.

எழுத்துச் சீர்திருத்தம் இக்கதையின் இன்னொரு கிளை. ஈ.வெ. ராமசாமி 1935-இல் ‘குடி அரசு’ இதழில் கையாளத் தொடங்கிய மாற்றங்களைத் தமிழ்நாட்டரசு 1978-இல் ஏற்றது. மாறியவை 13 எழுத்துகள்: ணா, றா, னா, ணை, லை, ளை, னை, ணொ, றொ, னொ, ணோ, றோ, னோ. துதிக்கையை மேலே தூக்கிய பழைய ணை, லை வடிவங்கள் போய், எல்லா எழுத்துக்கும் பொதுவான கொம்பும் அரவும் வந்தன. இலங்கையில் அச்சும் கையெழுத்தும் பழைய உருவத்தை உடனே விடவில்லை. தீவகத்தின் ஊர்ப்பெயர்களிலேயே இந்த 13-இல் மூன்று ஒளிந்திருக்கின்றன: வேலணையின் ணை, அனலைதீவின் லை, நயினாதீவின் னா. பழைய பலகையையும் புதிய பலகையையும் காலத்தால் பிரித்தறிய இந்த எழுத்துகளைப் பார்த்தாலே போதும். வடிவமைப்பாளருக்கு இச்சீர்திருத்தம் கொடை. துதிக்கை தடித்த கோட்டில் நெருங்கி அடைந்துபோகும். பிரிந்து நிற்கும் கொம்புக்கு அந்தச் சிக்கல் இல்லை.

1959-இல் யாழ்ப்பாணத்திலிருந்து ‘ஈழநாடு’ தொடங்கியபோது குடாநாட்டு அச்சுத் தொழில் உச்சத்தை நோக்கிச் சென்றுகொண்டிருந்தது. 1981 ஜூன் தொடக்கத்தில் பொதுநூலகம் எரிக்கப்பட்ட நாள்களில் அந்தப் பத்திரிகையின் அலுவலகமும் எரிக்கப்பட்டது. 1990களில் பொருளாதாரத் தடையின்போது மின்சாரம் இல்லை, அச்சுத்தாள் இல்லை. பத்திரிகைகள் கோடிட்ட கொப்பித் தாளிலும் வந்தன. மங்கிய மையில், சொரசொரப்பான தாளில், ஜாம் போத்தல் விளக்கின் வெளிச்சத்தில் முதலில் காணாமற்போவது எழுத்தின் மெல்லிய கோடு. ன, ண இரண்டுக்கும் வேறுபாடு ஒரு சுழி மட்டுமே. அது அடைந்துவிட்டால் வாசகர் ஊகித்துக்கொள்ள வேண்டியதுதான். எழுத்துருவின் தெளிவு பற்றி ஆய்வுக்கூடங்கள் நடத்தும் சோதனைகளைவிடக் கடுமையான சோதனை இது.

தீவக மக்களில் பெரும்பகுதியினர் அந்த ஆண்டுகளில் இடம்பெயர்ந்தனர்; பலர் பாரிஸ், லண்டன், டொரன்டோ போய்ச் சேர்ந்தனர். அங்கே அவர்களுடைய தமிழ் அச்சின் முகமாயிற்று ‘பாமினி’. ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் உருவங்களை வைத்து, தட்டெழுத்துப் பொறியின் வரிசையில் அமைந்த எழுத்துரு அது. கனடாவில் சீனிவாசனின் ‘ஆதவின்’, சுவிட்சர்லாந்தில் கல்யாணசுந்தரத்தின் ‘மயிலை’ போன்றவையும் அக்காலத்தவை. ஊர்ச்சங்கத்தின் ஆண்டுமலர், கோயில் திருவிழாத் துண்டுப்பிரசுரம், இறந்தவரின் 31-ஆம் நாளில் பகிரப்படும் ‘கல்வெட்டு’ என்னும் நினைவுநூல் எல்லாம் பாமினியில் எழுதப்பட்டன. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் பொருளற்ற ஆங்கில எழுத்துகளே தெரியும். எத்தனையோ குடும்பங்களின் வம்ச வரலாறு இன்றும் அப்படிப்பட்ட கோப்புகளில் கிடக்கிறது.

ஒருங்குறியில் தமிழுக்கு 1991-இலேயே இடம் கிடைத்திருந்தாலும், சாதாரணக் கணினிக்கு அது வந்தது விண்டோஸ் 2000-உடன். அதனோடு வந்த ‘லதா’வின் கோடு சீரானது, அன்றைய கட்டம் கட்டமான திரையில் மெல்லிய கோடு உடைந்து தெரியும் என்பதால் வேறு வழியும் இல்லை. விண்டோஸ் 8-இல் ‘நிர்மலா’ வந்தது. ஆப்பிள் கருவிகளுக்கு மலேசியாவின் முத்து நெடுமாறன் எழுத்துரு செய்தார். கூகுள் தன் நோட்டோ வரிசையில் தமிழுக்குச் சான்ஸ் என்றும் செரிப் என்றும் இரண்டு முகம் வைத்தது. பிரியா ரவிச்சந்திரனின் ‘கட்டமரான்’ மிக மெல்லியதிலிருந்து மிகத் தடித்தது வரை 9 எடைகளில் விரிந்தது. இலங்கையரான தாரிக் அஸீஸின் ‘பவனம்’ அடக்கமான சீர்க்கோட்டு எழுத்து. ‘பாலூ தம்பி’ கொழுகொழுவென்று உருண்ட தலைப்பெழுத்து. யாழ்ப்பாணத்தின் பெயரையே தாங்கியதும் ஒன்று உண்டு: கொழும்பின் மூனியாக் குழு செய்த ‘போஸ்ட் நோ பில்ஸ் ஜப்னா’. சுவரில் தகடு வைத்து மை பூசும் எழுத்தின் பாணியில் அமைந்தது அது. தகட்டெழுத்தில் மூடிய வளைவு இருந்தால் உள்துண்டு கழன்று விழும். ஆகவே க, ச, ம, வ ஆகியவற்றின் வயிற்றிலும் ஒவ்வொரு சுழியிலும் ஒரு சிறு பாலம் விட வேண்டும். அந்தப் பாலத்தை எங்கே விட்டால் எழுத்து இன்னும் அதே எழுத்தாகத் தெரியும் என்பதில்தான் வேலையின் நுட்பம் இருக்கிறது.

இன்றைய சீர்க்கோட்டு எழுத்துரு இதமாக இருப்பதற்குக் காரணம் அதன் கோடு மட்டும் அன்று. சுழிகள் அகலத் திறந்திருக்கின்றன. அரவுக்கு நேர்ப்பாதம், ரகரத்துக்குச் சாய்ந்த கால் என்ற வேறுபாடு தெளிவாகக் காட்டப்படுகிறது. எகரமும் ஏகாரமும் அடியில் ஒரு சிறு கீற்றால் மட்டும் வேறுபடுவதால் அந்தக் கீற்று நீட்டப்படுகிறது. தடித்த எடையில் இவற்றையெல்லாம் காப்பது கடினம்; ஆங்கிலத்துக்குச் செய்வதுபோல் எல்லாக் கோட்டையும் ஒரே அளவு தடிப்பாக்கினால் ண, ஞ, ழு மூன்றும் கறுப்புக் கட்டியாகிவிடும். நல்ல எழுத்துருவில் சுழிக்குள் போகும் கோடு வெளிக்கோட்டைவிட இம்மியளவு மெலிந்திருக்கும். முழுக்கச் சீரான கோடு என்பது கண்ணுக்குத் தோன்றுவதே தவிர அளந்தால் கிடைப்பதில்லை.

மும்மொழிப் பலகை இவை எல்லாவற்றையும் ஒருசேரச் சோதிக்கிறது. 1987-இல் 13-ஆம் திருத்தத்தின் வழியாகத் தமிழும் இலங்கையின் ஆட்சிமொழி ஆயிற்று. வீதிப் பலகைகள் சிங்களம், தமிழ், ஆங்கிலம் மூன்றையும் தாங்குகின்றன. ஆங்கிலத்தில் கயிட்ஸ் என்று 5 எழுத்தில் முடிகிற ஊர், தமிழில் ஊர்காவற்றுறை: ஊ, ர், க, அரவு, வ, ற், று, இரட்டைக்கொம்பு, ற என்று 9 இடம் பிடிக்கும். ஊகாரத்தின் வாலின் மேல் நிற்கும் குட்டி ளகரம் தனியாக ஒரு தொல்லை. று கீழே இறங்குகிறது, இரண்டு புள்ளி மேலே ஏறுகிறது. ஒரே அகலப் பலகையில் இதை அடைக்க எழுதுபவர் தமிழை மட்டும் சுருக்குவார், அல்லது பக்கவாட்டில் நசுக்குவார். நசுக்கினால் நிமிர்ந்த கோடுகள் மெலிந்து கிடைக்கோடுகள் தடித்துத் தோன்றி, சீரான கோடு குலைந்துபோகும். நயினாதீவுக்கும் நெடுந்தீவுக்கும் இந்த நெருக்கடி இல்லை. இரண்டும் 6 இடத்தில் அடங்கிவிடும். ஊர்காவற்றுறைக்குத் தேவையானது இரண்டு வரி கொள்ளும் உயரமான பலகை, அல்லது பிறக்கும்போதே ஒடுக்கமாக வரையப்பட்ட தமிழ் எழுத்துரு. ரோமன் எழுத்துக்கு அத்தகைய ஒடுங்கிய சான்ஸ் செரிப் நூற்றுக்கணக்கில் உண்டு. தமிழில் பலகைக்கென்றே வரைந்தவை இன்னும் சிலவே.